பெண் மீன் மட்டும் போதும்

எங்கள் வீட்டில் இப்போது பிரசவத்துக்கென்று தனி அறை இருக்கிறது. நாலு பக்கமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர், பிறந்த குஞ்சு மட்டும் நழுவி விழும் அளவுக்கு அடியில் ஓர் இடுக்கு, பக்கத்திலேயே காற்றுக் குழாய். கப்பி மீனுக்காக வாங்கியது. என் அம்மா தன் கடைசிப் பிள்ளையைப் பெற்றது பெரம்பூரில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டி. மருத்துவச்சி வந்தார், வெந்நீர் கேட்டார், வேலை முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த போர்ஷன்காரர்களுக்கு அழுகைச் சத்தம் கேட்டுத்தான் விஷயமே தெரியும்.

இங்கே அப்படியில்லை. ஒரு மீனின் வயிறு உருண்டையாக இருந்தது போய்க் கொஞ்சம் சதுரமாகத் தெரிந்தால் போதும், வீடு பரபரப்பாகிவிடும். மருமகள் ஆபீசிலிருந்து போன் செய்வாள். "மாமா, வால் பக்கத்துல அந்தக் கறுப்புப் புள்ளி பெருசாயிடுச்சா பாருங்க." நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குந்திப் பார்த்துவிட்டு, பெரிதாகியிருக்கிறது என்று அறிக்கை தருவேன். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அறிக்கை தருவது கைவந்த கலை.

தொட்டி வந்தது பேரனுக்காக. அவன் கண்ணைச் செல்போனிலிருந்து எடுக்க ஏதாவது உயிருள்ள பொருள் வேண்டும் என்று மகன் முடிவு செய்தான். இரண்டடித் தொட்டி, விளக்கு, ஃபில்டர், வெண்மணல், தெர்மோமீட்டர், தண்ணீரை 26 டிகிரியில் வைத்திருக்க ஒரு ஹீட்டர். வில்லிவாக்கத்தில் ஹீட்டர்! சித்திரை பிறந்ததும் தண்ணீர் தானாகவே 30-ஐத் தாண்டியது. உடனே தொட்டி விளிம்பில் மாட்டுகிற சின்ன ஃபேன் ஒன்று வந்தது. ஒரே தொட்டியில் ஹீட்டரும் ஃபேனும் எதிரும் புதிருமாக மாட்டியிருக்கின்றன. பேரனின் கண் இன்னமும் செல்போனில்தான் இருக்கிறது. தொட்டி என் பொறுப்பில் இருக்கிறது.

மகன் ஐ.டி.யில் இருப்பவன், எதையும் முன்யோசனை இல்லாமல் செய்வதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தானே பெருகும்? ஆகவே பெண் மீனாகப் பார்த்து வாங்கி வந்தான். கப்பியில் அழகெல்லாம் பெரும்பாலும் ஆணுக்குத்தான்: விசிறி வால், சிவப்பு, நீலம், புலிக்கோடு. பெண் உடம்பில் பெரியது, நிறத்தில் சாம்பல். அழகைத் தியாகம் செய்து அமைதியை வாங்கிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த என் மனைவி மட்டும், "எல்லாமே மாசமாத்தான இருக்கு" என்றாள். யாரும் அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீனைப் பற்றி அவள் எதுவும் படித்ததில்லையே.

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு பேறுக்கு இருபது முப்பதிலிருந்து நூறு வரைக்கும்கூட. அதிலும் ஒரு சாமர்த்தியம்: ஒரே ஒரு தடவை ஆணோடு சேர்ந்திருந்தால் போதும், பெண் மீன் அந்த வித்தைத் தன் உடம்பிலேயே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், ஒரு பேறுக்குப் பின் இன்னொரு பேறு என்று போய்க்கொண்டே இருக்கும். கடைத்தொட்டியில் ஆண், பெண் எல்லாம் ஒன்றாகத்தான் கிடந்திருக்கும். தகப்பன்மார் கொளத்தூர்க் கடையிலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் தவணை முறையில் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

முதல் பேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அரிசி மணி அளவில், கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற குஞ்சுகள், தண்ணீரின் மேல்மட்டத்திலும் மூலைகளிலும் ஒட்டி ஒட்டி நின்றன. பேரன் எண்ணி முப்பத்தொன்று என்றான். மருமகள் எண்ணியபோது இருபத்தெட்டு. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினேன், இருபத்தாறு. யார் கணக்கு தப்பு என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. யார் கணக்கும் தப்பில்லை. நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

மருமகளுக்கு அதிர்ச்சி. பெற்ற தாயேவா? சித்தி, பெரியம்மா ஸ்தானத்தில் இருப்பவர்களுமா? கப்பிக்கு அந்த உறவு முறையெல்லாம் கிடையாது. அசைகிறது, வாய்க்குள் போகிற அளவில் இருக்கிறது என்றால் அது தீனி. அன்று மாலையே அந்தப் பிரசவ அறைக்கு ஆர்டர் போனது. வந்த பிறகு தெரிந்த விஷயம், அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் தாய் மீன் மிரண்டு, பேறு தள்ளிப்போகவும் கூடும் என்பது. கொளத்தூர் கடைக்காரர் சொன்ன வழி எளிமையானது: தொட்டியில் பாசியை நிறையப் போடுங்கள், குஞ்சுக்கு ஒளிய இடம் இருந்தால் பிழைக்க வேண்டியது பிழைத்துக்கொள்ளும். பாசியையும் வாங்கினோம். ஏரியிலும் குளத்திலும் காலைச் சுற்றுகிறது என்று திட்டு வாங்கிய வேலம்பாசிக்கு நாலு தண்டு என்ன விலை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

பெரம்பூர்க் கிணற்றில் இதே கப்பி இருந்தது. ஆறு குடித்தனத்துக்கு ஒரே கிணறு. மீன் அதில் தானாக வரவில்லை, சர்க்கார் செலவில் வந்தது. காக்கிச் சட்டை போட்ட கார்ப்பரேஷன் மலேரியா ஆள் சைக்கிளில் வருவார். ஹேண்டில்பாரில் ஒரு டப்பா தொங்கும். கிணற்றை எட்டிப் பார்ப்பார், டப்பாவுக்குள் ஒரு குவளையை விட்டு எடுத்து உள்ளே கவிழ்ப்பார். அவ்வளவுதான். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டெஃபென்சை கொசு சாக்கடை விரும்பி அல்ல. கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று நாம் குடிக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதனால்தான் மருந்தும் மீனும் கிணற்றைத் தேடி வந்தன. இதற்காகவே போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பி இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. இதெல்லாம் எங்கள் ஆயாவுக்குத் தெரியாது.

"குடிக்கிற கிணத்துல மீனை உடுறியே தம்பி, அது எல்லாத்தையும் அதுலயேதான செய்யும்?"

"புழுவைத் தின்னும் ஆயா. உனக்குப் புழு வேணுமா, மீன் வேணுமா?"

ஆயா மீனையே தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்துவிட்டு, குடத்து வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் கப்பி வளர்ப்பு என்பது அந்தத் துணியோடு முடிந்தது. யாரும் தீனி போடவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. ராட்டினத்தில் வாளி மேலே வரும்போது குஞ்சுகள் நாலு வந்தால் வாளியோடு திரும்பக் கவிழ்ப்பார்கள். கோடையில் தூர் வாரும்போது ஓர் அண்டாவில் அள்ளி வைப்பார்கள், ஊற்று சுரந்ததும் உள்ளே விடுவார்கள். எத்தனை பிறந்தது, எத்தனையைத் தாய் தின்றது என்பதை யார் பார்த்தார்கள்? எங்களையே ஆயா சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துத்தான் எண்ணுவார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் நானும் கப்பி வைத்திருந்தேன். கிணற்றில் எடுத்ததுதான். அதை மீன் வளர்ப்பு என்று சொன்னால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு மீன் வளர்ப்பு என்றால் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்தான். 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடை, பறவைக் கூண்டுகள், கண்ணாடித் தொட்டிகள் எல்லாம் உண்டு. ஏஞ்சல் மீன் அசையாமல் நின்று எங்களைப் பார்க்கும். அப்பா விலை கேட்பார், கடைக்காரர் சொல்வார், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்வார். கப்பியை அங்கே கண்ணாடிக்குள் வைத்து விற்றதைப் பார்த்த அன்று மட்டும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கிணத்துல கிடக்கறதுக்கு இவன் காசு கேக்கறான் பாரு." 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. எங்கள் கிணறு அதற்கும் சில வருஷம் கழித்து வற்றியது, போர் போட்டார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயமானபோது மாடிக் குழாயைக் கொண்டுவந்து அந்தக் கிணற்றில் விட்டார்கள். பிறகு வீடே போய், கீழே கார் நிறுத்துகிற நாலு மாடி வந்துவிட்டது.

இப்போதைய சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமே கொஞ்சம். அதே கதவில் என் சர்க்கரை மாத்திரை அட்டவணையும் இருக்கிறது, அதன் மேல் யாரோ பீட்சா கடை காந்தத்தை ஒட்டி மறைத்துவிட்டார்கள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிந்துவிட்டாலே குஞ்சு தின்னும். ஆனால் தின்னாமல் மிஞ்சியது அழுகித் தண்ணீர் நாறும், அந்த நாற்றத்தில் குஞ்சு செத்துப்போகும். ஆகவே ஆர்ட்டீமியா. உப்பு ஏரியில் வாழும் ஒரு நுண்ணிய இறால் இனம் அது. அதன் முட்டை தூசி போல டப்பாவில் வரும். உப்புத் தண்ணீர் கரைத்து, அடிப்பக்கம் அறுத்த பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, அதில் ஊற்றி, முட்டையைப் போட்டு, காற்றுக் குழாயை விட்டு ஒரு நாள் விடாமல் கொப்பளிக்க வைக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் புள்ளிப் புள்ளியாகப் பொரிந்து வரும். காற்றை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் டார்ச் அடித்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு ஓடி வந்து கூடும், ஓடு தனியே ஒதுங்கும். உறிஞ்சி எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் குஞ்சுகளுக்கு விட வேண்டும். அதாவது, குஞ்சுக்குத் தீனி போட முதலில் தீனிக்கே குஞ்சு பொரிக்க வைக்க வேண்டும்.

டப்பாவில் பார்த்தேன், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் அள்ளியது என்று போட்டிருந்தது. நம் தூத்துக்குடி உப்பளத்திலும் ஆர்ட்டீமியா உண்டு, ஆனால் எங்கள் வீட்டுக்கு அது யூட்டாவிலிருந்துதான் வர வேண்டும் என்று விதி. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். போட்ட கால் மணியில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் ஆரஞ்சாகத் தெரிவதைப் பார்த்தால் விலை மறந்துபோகும். ஆர்ட்டீமியா தின்ற குஞ்சும் பொடித் தீனி தின்ற குஞ்சும் ஒரே வாரத்தில் வளர்த்தியில் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடுகின்றன. என் கிணற்றுக் கப்பிகளுக்குக் கொசுப்புழு கிடைத்தது, இலவசமாக, சுடச்சுட. இன்றைக்கு வீட்டில் கொசுப்புழு வைத்திருந்தால் டெங்குவுக்கு வழி செய்ததாக அபராதம் போடுவார்கள். சரியும்தான்.

தண்ணீர் சமாசாரம் இன்னொரு புராணம். குழாய்த் தண்ணீரில் குளோரின், அது மீனின் செவுளுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கான சொட்டு மருந்து விட வேண்டும். மகன் முதலில் பெருந்தன்மையாகக் கேன் தண்ணீர் ஊற்றினான். நாம் குடிப்பதை மீனுக்குக் கொடுப்போமே என்று. மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. கப்பிக்குக் கடினத் தண்ணீர் வேண்டும், சுண்ணாம்பு, தாது எல்லாம் கலந்தது. ஆர்.ஓ. இயந்திரம் அதையெல்லாம் வடித்துவிட்டுத்தான் கேனில் அடைக்கிறது. கடைசியில், குழாயில் வெள்ளை படிகிறது, துணி மங்குகிறது, முடி கொட்டுகிறது என்று எங்கள் அடுக்ககத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் வசவு வாங்கும் போர் தண்ணீரைப் பாதியாகக் கலந்து விட்டோம். மீன்கள் வாலை விரித்துக்கொண்டு நடுத்தொட்டிக்கு வந்தன. அடுக்ககத்தில் அந்தத் தண்ணீரைப் பற்றிக் குறை சொல்லாத ஒரே குடித்தனம் அவைதான்.

வாதாங்கொட்டை இலையும் வாங்கினோம். காய்ந்த இலை, பத்து இலை ஒரு பாக்கெட், மேலே ஆங்கிலத்தில் பெரிய பெயர். தண்ணீரில் போட்டால் டீ நிறத்தில் சாறு இறங்கும், கிருமிகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும் என்கிறார்கள். பெரம்பூரில் பக்கத்து வீட்டு வாதாங்கொட்டை மரம் எங்கள் முற்றத்தில்தான் இலை உதிர்க்கும். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும்முன் ஒரு தடவை பெருக்க வேண்டும். ஆயாவும் பக்கத்து வீட்டம்மாவும் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கு அந்த இலைதான் காரணம். இப்போதைய விலைக்கு, அவர் எதிரி வீட்டிலிருந்து தினமும் ஒரு சம்பளம் வந்து விழுந்துகொண்டிருந்தது. கப்பிக்கு அந்த இலை அவசியமே இல்லை என்று கொளத்தூர்க்காரர் பிறகு சொன்னார். வாங்கிய பாக்கெட்டை என்ன செய்வது? போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்று நாலு வாரத்தில் ஆண், பெண் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். ஆணுக்கு அடித்துடுப்பு கூராகும், பெண்ணுக்கு விசிறியாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் பிரித்துவிடாவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சுகளே குஞ்சு போடும். அண்ணன், தங்கை என்று அவை பார்ப்பதில்லை. எங்கள் ஆண் குஞ்சுகள் வளர வளர, ஒன்றின் வாலில் அப்படியே ஒரு கறுப்பு வட்டம், இன்னொன்றுக்கும் அதே இடத்தில் அதே வட்டம். யாரும் பார்த்திராத அந்தக் கொளத்தூர்த் தகப்பன் மெல்ல மெல்லத் தெரிய வந்தான். கப்பியின் சில அடையாளங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும், மகளுக்குப் போகாது என்று டென்மார்க்கைச் சேர்ந்த யொஹானஸ் ஷ்மிட் 1920-லேயே எழுதியிருக்கிறார். என் மனைவி அவ்வளவு தூரம் போகவில்லை. மகனின் காதைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், வேலையைப் பார்க்கப் போனாள்.

பெருகியதை என்ன செய்வது? மகன் ஒரு யோசனை சொன்னான்: ஏரியில் விட்டுவிடலாம். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிணறு என்பது நாலு சுவருக்குள் அடங்கியது. ஏரி அப்படியல்ல. எந்த அழுக்கிலும் பிழைக்கிற, வருஷம் முழுக்கக் குட்டி போடுகிற மீன் அங்கே போனால், ஏரியில் ஏற்கெனவே இருக்கிற சின்ன மீன்களின் தீனியும் போகும், குஞ்சும் போகும். அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பார்ப்போம் என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினேன், கப்பி மீன் இலவசம் என்று. ஒருத்தர்கூட வரவில்லை. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் நின்று படித்துவிட்டு, "ஏன் சார், எதாவது சீக்கு வந்துடுச்சா?" என்று கேட்டார். மனைவி அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, ஜோடி முப்பது ரூபாய், பேரம் கிடையாது என்று எழுதி ஒட்டினாள். அன்று மாலையே இரண்டு பேர் வந்தார்கள். பேரமும் பேசினார்கள்.

மிச்சத்தைக் கவரில் கட்டிக்கொண்டு கொளத்தூர் போனேன். நான் பையனாக இருந்தபோது எங்களுக்குக் கொளத்தூர் என்றால் ஊருக்கு வெளியே. இன்றைக்குக் கலர் மீன் வியாபாரம் முழுக்க அங்கேதான். தெருத் தெருவாகத் தொட்டி. கடைக்காரர் கவரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் கடையில் முழுச் சிவப்பு ஒரு தொட்டி, நாகப்படக் கோடு ஒரு தொட்டி, யானைக்காது மாதிரித் துடுப்பு விரித்தது ஒரு தொட்டி என்று வம்சம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்.

"இது மிக்ஸ் சார். நாட்டு மீன். விலை போவாது."

எனக்குச் சுருக்கென்றது. இதன் பூர்வீகம் தென்னமெரிக்காவின் வடக்குக் கரையும் டிரினிடாட் தீவும் ஐயா, லெக்மியர் கப்பி என்பவர் 1866-ல் டிரினிடாடிலிருந்து லண்டன் மியூசியத்துக்கு அனுப்பி, அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள், அதற்கு முன்பே 1859-ல் ஒரு ஜெர்மன்காரர் வேறு பெயர் வைத்துவிட்டார் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நூறு வருசமா இங்கதான சார் கிடக்கு? ரேஷன் கார்டு ஒண்ணுதான் பாக்கி." கவரை வாங்கிக்கொண்டு ஒரு சின்னத் தீனிப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தார். பண்டமாற்று. அந்தத் தீனி குஞ்சுகளுக்கானது என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

போன வாரம் டெங்குப் பணியாளர் வந்தார், நாற்பது வயதிருக்கும் பெண்மணி, கையில் டார்ச், தோளில் பை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டி அடித்தட்டு, பழைய டயர் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், பால்கனியில் குளோரின் போகத் திறந்து வைத்திருந்த வாளியைப் பார்த்ததும் நின்றார். மீனுக்கான தண்ணீர் என்றேன். மீன் எங்கே என்றார். தொட்டியைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. டார்ச்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எங்க தெருவுல மூடி இல்லாத பழைய கிணறு ஒண்ணு இருக்கு சார். ரெண்டு குடுங்க."

ரெண்டு என்ன, இருபதே தருகிறேன் என்றேன். அந்தக் காலத்தில் கார்ப்பரேஷன் எங்களுக்குக் கொடுத்தது. இப்போது வாங்கிக்கொண்டு போகிறது. அவருடைய காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்து விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கண் முன்னாலேயே பால்கனி வாளியிலும் குஞ்சுகள் நாலைந்தை விட்டேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வாளியை எட்டிப் பார்த்தார்.

"இதை நம்பித் தொறந்து வெச்சுடாதீங்க சார். இது பிறந்து பத்து நாள்கூட ஆவல. பெரிய புழுவை முழுங்க அதுக்கு வாய் பத்தாது. மேல ஒரு துணியைக் கட்டி வைங்க."